சோல்ஜர் கிடைத்துவிட்டார், மனைவியைத்தான் காணோம்

பொன்மலையில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியர். தாத்தாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த சோல்ஜர் என்பது வரைதான் அவர்கள் வீட்டில் தெரியும். "அவரு கெடக்கட்டும்பா, கூட இருந்த கிழவி யாருன்னு பாரு" என்றார். சரி என்று இறங்கினேன்.

சோல்ஜரைப் பிடிப்பது சுலபம். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்று ஒரு வரிசை உண்டு. பென்ஷனோடு விலகியவர்களின் தாள்கள். பிறந்த ஊர், பழைய தொழில், உயரம், கண்ணின் நிறம், நடத்தை எல்லாம் இருந்தது. குடித்துவிட்டு மாட்டியதுகூட! (ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.) மனைவியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளில் திருமணம் கிடைத்தது. அதில் இருந்த பெண்ணின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு அயர்லாந்துப் பதிவேடுகளில் இரண்டு வருஷம் தேடினேன். ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ராத்திரி அதே பக்கத்தை மறுபடி பார்த்தால், பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்று இருக்கிறது. நான் தேடியது செத்துப்போன முதல் புருஷனின் பெயரை!

பெல்லாரிப் பக்கம் அந்த முதல் புருஷனின் அடக்கப் பதிவும் கிடைத்தது. அதற்கும் மறுமணத்துக்கும் நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. ஆன்ட்டிக்கு முகம் வாடிவிட்டது. "இவ்ளோ அவசரமா?"

——

பதில்: தம்பி, ஆன்ட்டியிடம் சொல்லுங்கள், அது அவசரம் இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படை இந்தியாவுக்குக் கிளம்பும்போது நூறு பேருக்குப் பன்னிரண்டு மனைவியர்தான் கூட வரலாம். யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். பேர் விழாதவள் துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான். வந்தவளுக்கும் ரேஷனும் பாரக்ஸில் இடமும் புருஷனை ஒட்டித்தான். அவன் போய்விட்டால் சில மாதங்களுக்குத்தான் உதவி. என் பாட்டி வழியில் ஒருத்தி ஒரே ரெஜிமெண்டில் மூன்று பேரைக் கட்டியிருக்கிறாள்.

——

பதில்: 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. அத்தோடு நானும் கைவிட்டேன். ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. 2015 முதல் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் இருக்கும். நிறையப் பதிவுகள் லத்தீனில். ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார். ஓ'கானர் வெறும் கானராகவும் கிடைப்பார். வயதை நம்பவே நம்பாதீர்கள், ஐந்து வருஷம் முன்னே பின்னே பாருங்கள்.

——

எதிர்வீட்டுக்காரன்: நன்றி ஐயா. முதல் திருமணப் பதிவில் பிறந்த வீட்டுப் பெயர் இருந்தது. அதை வைத்துத் தேடியதில் கார்க் மாவட்டத்தில் 'பிரிஜிடா' என்று ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. அவள்தானா என்று அடித்துச் சொல்ல இன்னும் ஒரு தாள் வேண்டும். ஆன்ட்டி அதற்குள் பேத்தியை பிரிஜிட் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.