ஏஎஸ்/400 பைல்களுக்குக் கீ எழுதி வைக்கப்போய் மாட்டுப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலையான்:
2014. இடம் வேண்டாம், துறைமுகப் பக்கம். ஐபிஎம்மின்ர பழைய ஏஎஸ்/400 மெஷினை மூடிப்போட்டுப் புது சேர்வருக்கு மாத்தப் போறம், எல்லா பைலுக்கும் பீல்ட் என்ன, கீ (ரெக்கோடுகளை வரிசைப்படுத்தித் தேடுற பீல்ட்) என்ன எண்டு எழுதித் தா எண்டாங்கள். நான் பைல்களின்ர அமைப்பை எழுதி வைக்கிற சோர்ஸ் பைலான க்யூடிடிஎஸ்எஸ்ஆர்சியைத் திறந்து, 17ஆம் இடத்தில ‘கே’ இருக்கிற வரியெல்லாம் தேடித்தேடி எக்செலில அடிச்சன். மூண்டு கிழமை.

மாத்துற இரவு. ஸ்டொக் பைலுக்குச் சோர்சில பொருள் நம்பர், ஸ்டோர் நம்பர், மேல யுனீக், அதாவது ஒரே கீ ரெண்டு தரம் வரக்கூடாது. நானும் அப்பிடியே எழுதியிருந்தன். லோட் ஓடுது, புதுப் பக்கம் டூப்ளிகேட் கீ எண்டு துப்புது. முதல் பத்து, பிறகு நூறு. கொழும்பில இருந்து வந்த சேர் என்ர கதிரைக்குப் பின்னால வந்து நிக்கிறார். ஒண்டும் கதைக்கேல்ல. பச்சைத் திரையில, மெஷினில உண்மையா இருக்கிற பைலின்ர விவரத்தைக் காட்டுற டிஎஸ்பிஎஃப்டி கட்டளையை அடிக்கிறன். கீ மூண்டு! மூண்டாவது லொட் நம்பர், சரக்குத் தொகுதியின்ர நம்பர். எந்தச் சோர்சில இருந்து வந்தது எண்டு பாத்தா, ஒரு ஆளின்ர சொந்த லைப்ரரி, அவர் தன்ர பைல்களை வைக்கிற இடம். அவர் கனடா போய் ஆறு வருசம். கீழ ரோட்டில ரெண்டு மான் குப்பையைக் கிளறிக்கொண்டு நிக்குது. அந்தச் சேர் மூச்சு விட்ட சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும்.

சீனக்குடா ஒப்பரேட்டர்:
தம்பி கோவிக்கக்கூடாது, பிழை உங்கட. சோர்ஸ் எண்டது கலியாணக் கார்ட் மாதிரி, கலியாணம் நடந்ததோ எண்டு அதில இராது. எனக்கும் ஒருக்கா இன்வொய்ஸ் பைலில இதே அடி விழுந்தது, அதை விடுங்கோ.

செய்ய வேண்டியது இதுதான். டிஎஸ்பிஎஃப்டிக்கு லைப்ரரி பேரைக் குடுத்து, பைல் பேருக்கு ஸ்டார் ஓல் (எல்லா பைலும்), டைப் எண்ட இடத்தில ஸ்டார் ஏசிசிபிடிஎச் (கீ விவரம்), அவுட்புட்டைத் திரைக்கு இல்லாமல் அவுட்பைல் எண்ட இன்னொரு பைலுக்கு விடுங்கோ. ஒவ்வொரு கீ பீல்டுக்கும் ஒரு ரெக்கோட் விழும், ஏறுவரிசையோ இறங்குவரிசையோ எண்டதோட. பீல்ட் விவரத்துக்கு டிஎஸ்பிஎஃப்எஃப்டி. எந்த பிசிக்கலில (டேட்டா இருக்கிற பைல்) எந்த லொஜிக்கல் (அதே டேட்டாவை வேற வரிசையில காட்டுற பைல்) தொங்குது எண்டதுக்கு டிஎஸ்பிடிபிஆர். எந்த ப்ரோகிராம் எந்த பைலைத் தொடுது எண்டதுக்கு டிஎஸ்பிபிஜிஎம்ஆர்இஎஃப். எல்லாம் அவுட்பைலுக்குப் போகும், பிறகு ஒரு குவெரி போதும். மூண்டு கிழமை இல்ல, ஒரு மத்தியானம்.

இவ்வளவு காலம் ஏன் ஒருத்தருக்கும் தெரியேல்ல எண்டும் சொல்லுறன். ஏற்கெனவே இருக்கிற பீல்டைக் கீயில சேர்த்தா ரெக்கோட் போர்மட் மாறாது, அதால, பைல் மாறிட்டுது எண்டு ப்ரோகிராமை நிப்பாட்டுற லெவல் செக் அடிக்காது. ஆர்பிஜி மொழியில எழுதின பழைய ப்ரோகிராம் ரெண்டு கீயோட செயின் பண்ணினாலும் (கீயை வைச்சு ரெக்கோடைத் தேடினாலும்) ஓடும். முதல் அம்பிடுற ரெக்கோடை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிடும். கனடாக்காரரைத் திட்டாதேங்கோ, அவருக்கு லொட் தேவைப்பட்டிருக்கும்.

நிலாவெளி:
அண்ணா, உங்கட ஒரு மத்தியானத்தை நானும் நம்பினனான். கீ எல்லாம் அவுட்பைலில எடுத்து அழகா பிரிண்ட் பண்ணிக் குடுத்தன். எங்கட கஸ்டமர் பைலில கீயே இல்ல, வந்த ஒழுங்கில கிடக்கும். வரிசையெல்லாம் லொஜிக்கல் பைல்களிலதான். அதில ஒண்டில, மூடின கணக்குகளை ஓமிட் பண்ணியிருக்கு, அதாவது வராமல் விலக்கியிருக்கு. நான் கீயை மட்டும்தானே எழுதினன்! புது சிஸ்டத்தில மாத முடிவுப் பட்டியல் வந்தப்போ செத்துப்போன ஆக்களுக்கும் பில் போயிட்டுது. ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து, புருசன்ர பேர் போட்ட கடிதத்தை மேசையில வைச்சு, தடவித் தடவி நிமித்தினவ. என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல.

சீனக்குடா ஒப்பரேட்டர்:
அதுக்கும் இருக்கு தங்கச்சி. அதே டிஎஸ்பிஎஃப்டியில டைப்புக்கு ஸ்டார் செலெக்ட் குடுத்தா, எதைச் சேர்க்கிறது, எதை விலக்கிறது எண்டு காட்டும்.

நிலாவெளி:
இருக்கு எண்டு இப்ப எனக்கும் தெரியும்.

கிண்ணியா:
நான் ஒரு சின்ன விசயம் சொல்லிட்டுப் போறன். விலை பைலில மூணாவது கீக்கு டிசெண்ட் (இறங்குவரிசை) போட்டிருந்திச்சு, ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பீல்ட் பேர் ஆறு எழுத்துக்குள்ள, டெக்ஸ்ட் வெறுமை. உப்புவெளியில இருந்த பழைய ஐயாவுக்கு கோல் பண்ணினேன். பின்னால மீன் பொரியுற சத்தம். “திகதிதானே தம்பி? கடைசி விலை முதல்ல வரட்டும் எண்டு நான்தான் போட்டனான்” எண்டார். பிறகு கேக்காமலே இன்னும் பதினொரு பைலுக்கு கீயை ஒழுங்கா ஒப்பிச்சார். நான் டிஎஸ்பிஎஃப்டியில ஒண்டொண்டா பார்த்தேன். ஒண்டுதான் பிழை. அதுவும் அவர் பென்சன் எடுத்த பிறகு மாத்தினது. அவருக்கிட்ட அதைச் சொல்ல மனம் வரல்ல.

உவர்மலையான்:
ஒப்பரேட்டர் அண்ணை, கட்டளையெல்லாம் அண்டைக்கு விடிய முதலே நானும் தேடிப் படிச்சிட்டன். கனடாக்காரரின்ர லைப்ரரியில இருந்து வந்த பைல் மொத்தம் நாலு. மூண்டைத் திருத்தினன். நாலாவதை ஒரு ப்ரோகிராமும் தொடுறதில்ல, ஆனா ரெக்கோட் மட்டும் கூடிக்கொண்டு போச்சுது. அது என்னெண்டு ஆருக்கும் தெரிஞ்சா எழுதுங்கோ.