போனை வைத்த பிறகும் லைன் விடவில்லை: ஆஸ்டரிஸ்க் + 4 லேண்ட்லைன்

கோவை_அட்மின்
22 எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலகம். ஆஸ்டரிஸ்க் (கணினியை அலுவலக எக்ஸ்சேஞ்ச் ஆக்கும் மென்பொருள்) சர்வரில் 4 போர்ட் எஃப்எக்ஸ்ஓ கார்டு (லேண்ட்லைனை மாட்டும் கார்டு), அதில் நான்கு செம்புக் கம்பி லைன்கள். வெளியாள் போனை வைத்த பிறகும் லைன் விடுவதில்லை; வாய்ஸ்மெயிலில் மூன்று நிமிடம் டூட்-டூட் சத்தம்தான் பதிவாகிறது. அழைப்பவர் எண் வருவதே இல்லை, ஆனால் சாதாரண போனை அதே லைனில் மாட்டினால் காட்டுகிறது. போதாததற்கு எதிரொலி வேறு. இதையே சரிசெய்யலாமா, பிஆர்ஐ (பல அழைப்புகளை ஒன்றாகக் கொண்டுவரும் டிஜிட்டல் லைன்) அல்லது சிப் ட்ரங்க் (ஐபி நெட்வொர்க் வழியே வரும் லைன்) வாங்கிவிடலாமா? உச்ச நேரத்தில் 8 முதல் 10 அழைப்புகள் வரும்.

துருவமாற்றம்
மூன்றுக்கும் ஒரே காரணம்: கார்டு அமெரிக்க லைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

நம் லைனில் எண் பெரும்பாலும் முதல் மணிக்கு முன்பே டிடிஎம்எஃப் (பட்டன் அழுத்தும்போது வரும் ஒலி) ஆக வந்துவிடும். ஆஸ்டரிஸ்க் தானாக எதிர்பார்ப்பது அமெரிக்காவின் 'பெல்' முறை (மோடம் போன்ற ஒலி), அதுவும் முதல் மணிக்குப் பிறகு. டாடி (கார்டின் டிரைவர்) சேனல் கோப்பில் காலர் ஐடி சிக்னலிங்கை டிடிஎம்எஃப் என்றும், தொடக்கத்தை இந்தியாவுக்கென்றே உள்ள துருவமாற்ற (லைனில் பிளஸ், மைனஸ் இடம் மாறுவது) தேர்வுக்கும் மாற்றுங்கள்.

லைன் விடாததற்கு முதலில் மல்டிமீட்டர். ரிசீவர் கீழே இருக்கும்போது சுமார் 48 வோல்ட், எடுத்தால் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கும். வெளியே ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள்: எதிர்முனை எடுத்தவுடன் பிளஸ், மைனஸ் இடம் மாறுகிறதா? மாறாவிட்டால் இணைப்பகத்தில் இந்தத் துருவமாற்ற (ரிவர்சல்) வசதி கேட்டு எழுதிக் கொடுங்கள். எஸ்டிடி பூத் பில் மெஷின்கள் பல ஓடியது இதை நம்பித்தான், புது விஷயமல்ல.

எதிரொலிக்கு டிரைவரை ஏற்றும்போதே ஆப்பரேட்டிங் மோடை இந்தியா என்று கொடுங்கள். பிறகு ஆஸ்டரிஸ்கை நிறுத்திவிட்டு எஃப்எக்ஸ்ஓ ட்யூன் (கார்டை லைனுக்குப் பொருத்தும் கருவி) ஓட்டுங்கள். ஒவ்வொரு லைனுக்கும் சில நிமிடம் பிடிக்கும். கிடைத்த மதிப்புகளை ஒவ்வொரு பூட்டிலும் திரும்ப ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு "ரீபூட் ஆனதும் எக்கோ திரும்பிடுச்சு" என்பவர்கள்தான் அதிகம்.

கோவை_அட்மின்
எண் வந்துவிட்டது, எதிரொலியும் அடங்கிவிட்டது. துருவம் வெளி அழைப்பில் மாறுகிறது. உள்ளே வரும் அழைப்பில் எதிராளி வைத்தாலும் அசைவே இல்லை.

துருவமாற்றம்
பல இணைப்பகங்களில் அப்படித்தான். உள்வரும் அழைப்புக்கு பிஸி டோனைக் கண்டுபிடிப்பது ஒன்றே வழி. இங்கே அது 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிசெகண்ட் ஒலி, 750 அமைதி. பிஸி டிடெக்ட்டை இயக்கி, பேட்டர்னில் 750,750 கொடுங்கள், எண்ணிக்கை 5 அல்லது 6. ஆறு சுற்று என்றால் 9 நொடியில் லைன் விடும். மூன்றுக்குக் குறைத்தால் ஹோல்டு இசையையே பிஸி டோன் என்று எடுத்துக்கொண்டு பேச்சின் நடுவே வெட்டும்.

இ1_கண்ணாடி
பத்து அழைப்புக்கு நான்கு செம்பு லைன் எப்படிப் பார்த்தாலும் பற்றாது. ஒரு பிஆர்ஐயில் 30 அழைப்பு, 2.048 மெகாபிட்டில் 32 ஸ்லாட், 0 ஃப்ரேமிங்குக்கு, 16 சிக்னலிங்குக்கு. சுவிட்ச் வகை யூரோ ஐஎஸ்டிஎன், நீங்கள் சிபிஇ (வாடிக்கையாளர்) பக்கம், லைன் கோடிங் எச்டிபி3. சிஆர்சி4 (பிழை சரிபார்ப்பு) வேண்டுமா என்பதை மட்டும் நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் பக்கம் ஒன்று, உங்கள் பக்கம் வேறொன்று என்றால் அலாரம் அணையாது.

சறுக்கும் இடம் கிளாக் (இரு முனைகளும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் நேர சிக்னல்). ஸ்பேன் வரியில் இரண்டாவது எண் 1 ஆக இருக்க வேண்டும், அதாவது கிளாக் அவர்களுடையது. 0 போட்டால் லைன் பச்சையாகவே தெரியும், ஆனால் பேச்சில் டக் டக் சத்தம், லாகில் எச்டிஎல்சி (சிக்னலிங் தரவு) பிழை, ஃபேக்ஸ் பாதியில் அறும். அவர்கள் பிஎன்சி (கோஆக்சியல் கேபிள் இணைப்பு) கொடுத்தால் 75 ஓம். உங்கள் கார்டு ஆர்ஜே45, 120 ஓம். நடுவே பாலன் (இரண்டையும் பொருத்தும் மாற்றி) போடாமல் கம்பியை முறுக்கி இணைக்காதீர்கள். உள்வரும் எண் கடைசி நான்கு இலக்கமாக வருகிறதா, எஸ்டிடி கோடோடு வருகிறதா என்று பார்த்துவிட்டு டயல் பிளானை (எந்த எண் எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) எழுதுங்கள்.

ஏலா_64
ஃபைபர் கட்டடத்துக்குள் வந்திருந்தால் நான் சிப் ட்ரங்க் பக்கம்தான். கார்டே வேண்டாம், சேனலைத் தேவைக்கேற்பக் கூட்டலாம். ஜி.711 ஏ-லா என்ற குரல் கோடெக்கில் ஈதர்நெட் தலைப்போடு ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். பத்துக்கு ஒரு மெகாபிட்கூட இல்லை.

ட்ரங்கைத் தனி நெட்வொர்க் கார்டில் வாங்குங்கள். நிறுவனத்தின் மீடியா (குரல் வரும்) முகவரிகளுக்கும் ஸ்டாட்டிக் ரூட் (கையால் போடும் பாதை) வேண்டும். சிக்னலிங் முகவரிக்கு மட்டும் போட்டால் மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கம்தான் கேட்கும். வெளி அழைப்பில் ஃப்ரம் (அழைப்பவர்) பகுதியில் எக்ஸ்டென்ஷன் எண் போனால் நிராகரிப்பார்கள், பைலட் எண்ணை (ட்ரங்கின் முதன்மை எண்) போடுங்கள். சிப் பயன்படுத்தும் 5060 போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறக்காதீர்கள். ஐஎஸ்டியை (வெளிநாட்டு அழைப்பு) நிறுவனத்தின் பக்கமே பூட்டச் சொல்லுங்கள். சர்வரை யாராவது ஹேக் செய்தாலும் ஐஎஸ்டி பில் ஏறாது.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் அழைப்பை இந்த லைனில் இறக்கி உள்ளூர் எண்ணுக்கு அனுப்புவது சட்டவிரோதம். டயல் பிளானில் அந்தப் பாதை தெரியாமல்கூடத் திறந்திருக்கக் கூடாது.

பழைய லைன் ஒன்றை மட்டும் சரண்டர் செய்யாமல் வைத்திருங்கள். ஃபைபர் அறுந்த அன்று 112க்குப் பேச அதுதான் இருக்கும்.