சுவரில் ஒட்டிய நோட்டீஸும் கூட்டிப்போன ஆளும்: கறுப்பின மாணவர்களோடு நம் அனுபவங்கள்

கிரீன்ஸ்பரோ, வட கரோலினாவிலிருந்து

ஆகஸ்ட் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் வளாகம் நிரம்பிவிடும். கறுப்பின மாணவர்களோடு படித்தவர்கள், அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் நார்த் கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். 1891-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இடம். இப்படிப்பட்ட வரலாறு கொண்ட கல்லூரிகளை இங்கே எச்.பி.சி.யு. என்பார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய நூறு இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கையில் எங்களுடையதுதான் பெரியது.

நான் வருவதற்கு முன் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "அந்தப் பக்கம் வீடு எடுக்காதே, அவர்களோடு ரொம்பப் பழகாதே." சொன்னவர்களில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. நானும் முதல் ஆண்டு முழுக்க ஆய்வகம், அறை, இந்தியக் கடை என்றே கிடந்தேன். மாணவர் சங்கங்களிடமிருந்து வந்த மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு நான் எடுத்த ஆய்வக வகுப்பில் ஒரு தம்பி படித்தான். மாநிலத்தின் கிழக்கே, புகையிலை விளையும் சின்ன ஊர். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். மற்றவர்கள் சர்க்யூட் வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டு, பக்கத்து மேசைக்கு உதவப் போய்விடுவான். கோடை விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஊரில் மளிகைக் கடையில் பெட்டி அடுக்கினேன் என்றான். "இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் போடவில்லையா?" என்றேன். "எனக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்?" என்றான்.

அவன் தினமும் நடந்துபோகும் வராந்தாவில் தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நெஸ்பி என்று சுருக்கிச் சொல்வார்கள். பொறியியலில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கொத்துக் கொத்தாக விலகிக்கொண்டிருந்த காலத்தில், பர்ட்யூ பல்கலைக்கழக மாணவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்திக்கொள்ளக் கூடினார்கள். அதுவே 1975-இல் தேசியச் சங்கமானது. இப்போது வசந்த காலத்தில் நடக்கும் அதன் ஆண்டு மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் மாணவர்கள் வருகிறார்கள். நிறுவனங்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்து அங்கேயே நேர்காணல் நடத்துகின்றன. சிலருக்கு அன்றைக்கே வேலை உறுதியாகிவிடும்.

நோட்டீஸைப் பார்க்கவில்லையா என்றேன். "பார்த்தேன். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களுக்கு என்று நினைத்தேன்."

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் பொறியியல் கட்டணத்தில் சலுகை உண்டு என்று எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, அதெல்லாம் நமக்கில்லை என்று தாண்டிப் போனவன் நான். எங்கள் கணக்கு வாத்தியார்தான் வண்டியில் பின்னால் உட்காரவைத்துத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் மனு எழுத வைத்தார். அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் நான் இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டேன்.

சரி, அடுத்த புதன்கிழமைக் கூட்டத்துக்குத் தம்பியைக் கூட்டிப்போனேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். நான் வெளிநாட்டுக்காரன், கறுப்பினத்தவனும் இல்லை. என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் இருந்தது. வாசலில் நின்ற பெண் என் கையில் பீட்சாத் தட்டைக் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். ரெஸ்யூமே இருக்கிறதா? இல்லை. உட்கார், இப்போதே எழுதலாம். மளிகைக் கடை வேலையை அவன் எழுதாமல் விட்டிருந்தான். "மூன்று கோடை ஒரே கடையில் நின்றிருக்கிறாய், அதை ஏன் மறைக்கிறாய்?" என்று முதல் வரியில் எழுத வைத்தாள். நேர்காணலுக்குக் கோட் கிடையாது; ஒரு சீனியருடையது கிடைத்தது. கை கொஞ்சம் குட்டை. (பல வளாகங்களில் இதற்கென்றே இரவல் உடை கொடுக்கும் அறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.) மாநாட்டுக்குப் பஸ்ஸில் போனான். திரும்பி வரும்போது கோடைக்கு ஒரு விமான உதிரிபாக நிறுவனத்தில் இடம் கிடைத்திருந்தது.

வாஷிங்டன் டி.சி.யிலிருந்து

தம்பி, படித்துவிட்டு அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "அந்தக் கோட் கதை எல்லாருக்கும் உண்டு" என்றார்.

அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1867-இல் தொடங்கியது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் பட்டம் வாங்கிய இடம் என்று நம்மவர்களுக்கு இப்போது தெரியும். அதற்கு முன் எனக்கும் ஒன்றும் தெரியாது. போன அக்டோபரில் ஹோம்கமிங் என்னும் முன்னாள் மாணவர் விழாவுக்கு என்னைக் கூட்டிப்போனார். அன்றைக்கு நடக்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒரு சாக்குதான். நம் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர் போனவர்கள் எல்லாரும் வந்து சேர்வார்களே, அந்த மாதிரி. யார்டு என்று அவர்கள் சொல்லும் நடு மைதானத்தில் எழுபது வயதுக்காரர்களும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் ஒரே பாட்டுக்கு ஆடுகிறார்கள்.

ஸ்டெப் ஆட்டத்தை அங்கேதான் முதலில் நேரில் பார்த்தேன். வாத்தியம் கிடையாது, காலால் தரையை உதைத்து, தொடையிலும் கையிலும் தட்டித் தாளத்தைக் கட்டுகிறார்கள். பறையாட்டத்தில் அடவு பார்த்து வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆடுகிறவர்கள் டிவைன் நைன் எனப்படும் ஒன்பது கறுப்பின மாணவர் சகோதரக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். ஒன்பதில் ஐந்து ஹோவர்டிலேயே பிறந்தவை. அவற்றில் மூத்தது 1908-இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கமலாவும் அதில்தான் இருக்கிறார். படிப்பு முடிந்தாலும் உறவு முடியாது, சாகும்வரை.

எனக்கு மனதில் நிற்பது வேறு. உணவு வண்டிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா தனக்கு முன்னால் நின்ற, அறிமுகமே இல்லாத ஒரு மாணவியிடம், "என்ன படிக்கிறாய்? கோடைக்கு எங்கே போகிறாய்?" என்று கேட்டார். கணக்குப்பதிவியல், இன்னும் இடமில்லை என்றாள் அந்தப் பெண். அக்கா அங்கேயே போனை எடுத்து, பத்தடி தள்ளி நின்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர். வறுத்த மீன் தட்டைக் கையில் பிடித்தபடியே பேச்சு நடந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இப்படி நான்கு பேரிடம் அக்கா கேட்டதை எண்ணினேன். அது அவருக்கு உதவியாகவே தோன்றவில்லை. வந்த வேலையே அதுதான்.

டெக்சஸிலிருந்து

நீங்கள் இருவரும் சொல்வது கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும் வளாகங்கள். நான் படித்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். முந்நூறு பேர் வகுப்பில் ஐந்தாறு கறுப்பின மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சாய்ந்து உட்கார ஒரு மையம் இருந்தது. என் புராஜெக்ட் தோழி அங்கேதான் இருப்பாள். எந்த உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது, எந்தப் பேராசிரியர் கோடையில் ஆள் எடுக்கிறார் என்பதெல்லாம் அந்த அறையின் வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும்.

2024 ஜனவரி 1 முதல் மாநிலச் சட்டம் அமலுக்கு வந்தது. சிறுபான்மை மாணவர்களுக்கு ஆதரவளிக்கும் இது போன்ற பன்முகத்தன்மை அலுவலகங்களை அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்தக் கூடாது. மாணவர்களே நடத்தும் சங்கங்களுக்குத் தடையில்லை. ஆனால் அறை, ஊழியர், பணம் எல்லாம் போனது. விடுமுறை முடிந்து வந்தபோது கதவில் பெயர்ப்பலகை இல்லை. தோழி அந்தக் கதவின் முன் சும்மா நின்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதற்கு முந்தைய ஜூனில்தான் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய முறை ஆசிய மாணவர்களுக்குப் பாதகம் என்று சொல்லி அந்த வழக்கில் முன்னே நிறுத்தப்பட்டது அவர்களின் பெயர். அதாவது என் பெயரும். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவள் முன் நிற்கக் கூச்சமாக இருந்தது. இதில் நம்மவர்களிடையே வேறு கருத்து உண்டு என்று தெரியும். நான் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

மே மாதம் கறுப்பின மாணவர்களுக்கான பட்டமளிப்பு விழா நடக்காது என்றார்கள். நடந்தது. முன்னாள் மாணவர்கள் பணம் போட்டு வளாகத்துக்கு வெளியே ஒரு மண்டபம் பிடித்தார்கள். கானா நாட்டுக் கென்டே துணியில் நெய்த பட்டையைக் குடும்பத்தார் கையால் பிள்ளையின் தோளில் போடுவதுதான் அந்த விழாவின் உயிர். தோழிக்கு அவளுடைய பாட்டி போட்டார். பாட்டி படித்த காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுவதைக்கூட யாரும் யோசித்ததில்லையாம். நாற்காலி அடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டதால் நான் போயிருந்தேன். பாட்டி கை நடுங்கியதில் பட்டை ஒரு பக்கம் சரிந்தது. அவள் அதைக் கடைசிவரை சரிசெய்யவே இல்லை.

நாஷ்வில்லிலிருந்து

சுருக்கமாக ஒன்று. இந்தப் பக்கம் இருப்பவர்கள் அக்டோபர் 6 அன்று ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். 1871-இல் கல்லூரி பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தபோது, மாணவர்கள் சிலர் அடிமைக்காலப் பாடல்களைப் பாடிப் பணம் திரட்ட ஊர் ஊராகக் கிளம்பிய நாள் அது. அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. இப்போதைய பாடகர் குழுவும் மாணவர்கள்தான். மைக் வேண்டாத குரல்கள். நான் மூன்று ஆண்டாகப் போகிறேன், ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து

எல்லாவற்றையும் படித்தேன். என் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள். அறைத் தோழி கறுப்பினப் பெண், அவளும் வீட்டில் முதல் தலைமுறையாம். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நம் பிள்ளைகள் போகலாமா? தேதிகள் எதையாவது கவனிக்க வேண்டுமா?

கிரீன்ஸ்பரோவிலிருந்து மீண்டும்

அண்ணா, தாராளமாகப் போகலாம். பெரும்பாலான கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. போனால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். நிறுவன ஆட்களிடம் பேச வரிசை நின்றால், அது யாருக்காகப் போடப்பட்ட மேசை என்பதை நினைவில் வைக்கட்டும்.

மகளின் தோழிக்கு உதவும் தேதிகள் சில. செப்டம்பரில் மாணவர் சங்கங்கள் எல்லாம் மைதானத்தில் மேசை போடும். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட வேண்டும். அரசு உதவித்தொகைப் படிவமான ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். சீக்கிரம் போடுவது நல்லது. கோடைகால ஆய்வு வாய்ப்புகளுக்குப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலேயே கதவு மூடிவிடும், ஏப்ரலில் தேடினால் ஒன்றும் இருக்காது. முனைவர் பட்டம்வரை போகும் எண்ணமிருந்தால் மெக்நேர் திட்டம் தங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். முக்கியமாகக் குறைந்த வருமானமுள்ள முதல் தலைமுறை மாணவர்களுக்கானது. அந்தப் பெயருக்குரிய விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேர் எங்கள் பல்கலைக்கழகத்தில் 1971-இல் இயற்பியல் பட்டம் வாங்கியவர். 1986-இல் சேலஞ்சர் விண்கலத்தில் இறந்தார். நாங்கள் வகுப்பெடுக்கும் பொறியியல் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

பிப்ரவரி 1-ஐயும் சொல்ல வேண்டும். 1960-இல் அன்றைக்கு எங்கள் மாணவர்கள் நால்வர் ஊருக்குள் உல்வர்த் கடையின் உணவு மேசையில், வெள்ளையர்களுக்கு மட்டுமான இடத்தில், உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். பக்கத்துப் பென்னட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்தார்கள். ஜூலையில் கடை இறங்கி வந்தது. 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைச் சட்டம், அந்தக் காற்றிலேயே 1965-இல் புதிய குடிவரவுச் சட்டம். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். ஆண்டுதோறும் வளாகத்தில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். நால்வரின் சிலையும் அங்கே இருக்கிறது. வரும் பிப்ரவரியில் வேறு ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வருவதானால் என் அறையில் தங்கலாம்.

அப்புறம், என் தம்பி இப்போது நான்காம் ஆண்டு. நெஸ்பியின் முதல் கூட்டம் இந்தப் பருவத்தில் இரண்டாவது புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. என் ஆய்வக வகுப்பு அதே நேரத்தில் முடிகிறது. அரை மணி முன்னதாக முடித்துக்கொள்ளப் பேராசிரியரிடம் கேட்டிருந்தேன், சரி என்றுவிட்டார். புது வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவன் வந்து வாசலில் நிற்கிறேன் என்றிருக்கிறான்.