ஸ்கூட்டர் இண்டிகேட்டருக்கு ஒலி நினைவூட்டி பொருத்துவது எப்படி?

கேள்வி:
மதுரையில் பத்து ஆண்டுகளாக ஆக்டிவா ஓட்டி வரும் எனக்கு வயது 61. திரும்பி முடித்த பின் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுவது அண்மைக் காலமாக அடிக்கடி நேர்கிறது. சென்ற வாரம் காளவாசல் அருகே, இடப்பக்க இண்டிகேட்டர் எரிந்தபடியே நான் நேராகப் போய்க்கொண்டிருக்க, குறுக்குத் தெருவின் முனையில் நின்றிருந்த ஆட்டோக்காரர் நான் அந்தத் தெருவுக்குள் திரும்பப் போகிறேன் என்று நம்பி வண்டியை எடுத்துவிட்டார். இருவரும் பிரேக் பிடித்ததால் தப்பினோம். அவர் மீது ஒரு தவறும் இல்லை. மீட்டரில் பச்சை விளக்கு சிமிட்டத்தான் செய்கிறது, ஆனால் உச்சி வெயிலில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. ஒலி எழுப்பும் சிறு பசர் பொருத்தினால் இரு பக்கத்துக்கும் ஒன்றே போதுமா? பேட்டரி இறங்கிவிடுமா?

பதில் 1:
அம்மா, ஒரே பசர் போதும். ஆனால் இடம், வலம் இரண்டின் வயர்களையும் அதனோடு நேரடியாக முறுக்கி இணைத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு பல்புகளும் சேர்ந்து சிமிட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று வைத்து, வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டையும் ஒன்றுசேர்த்து பசரின் பிளஸ் வயரில் கொடுத்து, மைனஸ் வயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் பொதுவாக இடப்பக்கம் ஆரஞ்சு, வலப்பக்கம் வெளிர் நீலம், எர்த் பச்சை. ஆயினும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொடச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், 3 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் பசராக வாங்குவது நல்லது. 10 வாட் பல்புகள் இரண்டு எரிய ஒன்றரை ஆம்பியருக்கு மேல் தேவைப்படும் இடத்தில் பசர் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான், ஆகவே பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹேண்டில் திரும்பும்போது உராயும் இடத்தில் மட்டும் சால்டர் இணைப்பு வரக் கூடாது.

பதில் 2:
சந்தையில் கிடைக்கும் பீசோ பசர்கள் (மின்சாரத்தால் அதிரும் மெல்லிய தகடு கொண்டவை) பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சென்று ஒலிப்பவை. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது இத்தகைய உச்ச ஒலிகளைத்தான். அதன் மேல் ஹெல்மெட்டும் இருப்பதால், தாழ்ந்த ஒலி தரும் காந்தச் சுருள் பசரைக் கடையிலேயே ஒலிக்கச் செய்து கேட்டு வாங்குங்கள். சத்தம் உங்களுக்கு மட்டும் கேட்டால் போதும்: காதைத் துளைக்கும் ஒலிக்கருவிகளை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன.

பதில் 3:
சிக்னலில் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும்போது இரண்டு நிமிடம் விடாமல் ஒலித்தால், ஒரே வாரத்தில் வெறுத்துப்போய் பசரைக் கழற்றிவிடுவீர்கள். இதற்கு வழி உண்டு. பசரின் மைனஸ் வயரை எர்த்துக்குப் பதிலாக பிரேக் விளக்குக்குப் போகும் பிளஸ் வயரில் சேருங்கள். பிரேக் பிடிக்காதபோது பல்பின் இழை வழியாக எர்த் கிடைத்து பசர் ஒலிக்கும். பிரேக் பிடித்ததும் இரு முனையிலும் 12 வோல்ட் வந்துவிடுவதால் அடங்கிவிடும். பின்விளக்கு எல்இடி ஆக இருந்தால் இது பலிக்காது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என் வண்டியின் பின்விளக்கு பல்புதான் என்பதால், மெக்கானிக்கிடம் இந்த மூன்று பதில்களையும் படித்துக் காட்டி, நேற்று அப்படியே செய்துகொண்டேன். பிரேக்கை விட்டுத் திருப்பம் முடிந்த பின்னும் டிக் டிக் என்று கேட்கிறது, கட்டைவிரல் தானாகவே சுவிட்சுக்குப் போகிறது.