சொன்னாலே நடந்துவிடும் வினைகள், சொன்னாலும் நடக்காத வினைகள்: எங்கே பிரிகின்றன?

கேள்வி:
"மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னதுமே மன்னிப்புக் கேட்டாகிவிடுகிறது. ஆனால் "உன்னைச் சம்மதிக்க வைக்கிறேன்" என்பதால் யாரும் சம்மதித்துவிடுவதில்லை. "உன்னை அவமானப்படுத்துகிறேன்" என்பதும் எடுபடுவதில்லை. எதை வைத்துப் பிரிப்பது?

பதில் 1:
ஆங்கிலேயத் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் (1962இல் நூலாயின) இரண்டைப் பிரித்தார்: சொல்வதிலேயே முடிகிற செயல், சொன்னதால் கேட்பவரிடம் உண்டாகும் விளைவு. எச்சரிப்பது முதல் வகை. பயமுறுத்துவது இரண்டாவது, எதிராளி பயந்தால்தான் உண்டு. சம்மதிக்க வைப்பதும் அப்படியே.

சோதனை எளிது. தன்மை ('நான்'), நிகழ்கால வினையோடு 'இதன்மூலம்' சேருங்கள். "இதன்மூலம் எச்சரிக்கிறேன்" நிற்கும், "இதன்மூலம் பயமுறுத்துகிறேன்" நிற்காது. ஒரு கவனம்: கையிலுள்ள ஆதாரத்தைக் காட்டி "இதன்மூலம் சம்மதிக்க வைக்கிறேன்" என்றும் சொல்லலாம். அங்கே 'இது' ஆதாரம். சோதனைக்கு 'இது' அந்த வாக்கியமாகவே இருக்க வேண்டும்.

பதில் 2:
தமிழில் இன்னொரு சிக்கல்: நிகழ்காலம் வழக்கத்தையும் குறிக்கும். "தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்கிறேன்" என்பது தகவல் மட்டுமே. "கேட்டுக்கொள்கிறேன்" செயலைச் செய்கிறது. "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று ஆக்கினால் வெறும் வர்ணனையாகிவிடும். தன்மை கட்டாயம் என்றும் எண்ண வேண்டாம். "அனுமதி மறுக்கப்படுகிறது" என்ற செயப்பாட்டு வாக்கியமே மறுத்துவிடுகிறது. வினையின் பெயரே வராமல் "நாளைக்குக் கட்டாயம் வந்துடுவேன்" என்பதும் வாக்குறுதிதான்.

பதில் 3:
அவமானப்படுத்துவதைச் சம்மதிக்க வைப்பதோடு சேர்க்காதீர்கள். அது சொல்லால் நடக்கக்கூடியதுதான், அந்த வினையின் பெயரைச் சொல்லி நடத்த முடியாது, அவ்வளவே. பொய் சொல்வது, ஜாடையாகக் குற்றம் சாட்டுவது இன்னும் சுவாரசியமானவை. "நான் இப்போது பொய் சொல்கிறேன்" என்று அறிவித்தால், பொய்க்குத் தேவையான மறைப்பே போய்விடும். தத்துவவாதி சீனோ வென்ட்லர் இத்தகைய வினைகளைத்தான் தம்மைத் தாமே கொன்றுகொள்பவை என்றார்.

கேட்டவர்:
நன்றி. மனதில் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்கு செல்லுமா?

பதில் 1:
செல்லும். ஆஸ்டின் கணக்கில் அது முறைகேடு: செயல் நடந்துவிட்டது, ஆனால் நேர்மையாக நடக்கவில்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதனால்தான் பின்னால் "வாக்கு மீறினாய்" என்று கேட்க முடிகிறது. அதிகாரமில்லாத ஒருவர் "கூட்டத்தை ஒத்திவைக்கிறேன்" என்றால் கதை வேறு: அங்கே செயலே நடக்கவில்லை, கூட்டம் தொடர்கிறது. பந்தயமும் இந்த வகைதான். "பந்தயம் கட்டுகிறேன்" என்று எத்தனை முறை சொன்னாலும், எதிராளி "சரி" என்னும்வரை பந்தயம் கிடையாது.