புதுப்பிப்பு: நான்கு மாத ஜெர்மன் வகுப்புக்கு எந்த விசா?

பெர்லினில் நான்கு மாத மொழி வகுப்புக்கு ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) போய், அங்கேயே நீட்டித்துக்கொள்ள முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடியாது என்பதே விடை. 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே தங்க அனுமதிக்கும் ஷெங்கன் விசாவை, மிக அரிதான காரணங்களுக்காகவன்றி நீட்டிப்பதில்லை. எனவே 90 நாட்களைத் தாண்டும் வகுப்புக்கு, கிளம்பும் முன்பே ஜெர்மனியின் தேசிய விசாவைப் பெற்றிருக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் நடக்கும் தீவிர வகுப்பாக அது இருக்க வேண்டும் என்பதால், மாலை வகுப்பையும் வார இறுதி வகுப்பையும் காட்டி விண்ணப்பிக்க இயலாது. நான் முதலில் தேர்ந்தெடுத்திருந்தது, மலிவு என்பதற்காக, மாலை வகுப்பைத்தான்! இப்போது முழுநேர வகுப்புக்கு மாறிவிட்டேன். தங்கும் காலச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (blocked account: மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடியும் கணக்கு) போட்டுவிட்டு, 75 யூரோ கட்டணத்துடன் விண்ணப்பிக்கவிருக்கிறேன்.