பருத்திக்கு என்.ஏ.ஏ. அடிச்ச பிறகு கொழுந்து திருகுது, என்ன செய்யலாம்?

பேரையூர் கரிசல்: அண்ணன்மாரே, 60 நாள் பருத்தி. வானம் மூட்டமாவே கெடந்ததுல சப்பை (பூ மொட்டு) கொட்டுச்சு. கடையில என்.ஏ.ஏ.ங்குற வளர்ச்சி ஊக்கி, 4.5 சதம் பாட்டிலைக் குடுத்து, பத்து லிட்டர் டேங்குக்கு 9 மில்லி ஊத்தச் சொன்னாக. போன வாரம் சாயங்காலமா அடிச்சேன். இப்ப வர்ற கொழுந்து இலை அகலமே இல்லாம விரல் விரலா நீண்டு, நரம்பெல்லாம் நெருங்கி நிக்குது. காம்பும் திருகிருச்சு. மருந்து கூடிப்போச்சா? அழிச்சிரலாமான்னு வீட்ல கேக்குறாக.

உசிலை மாமா: தத்துப்பூச்சிதான் மாப்ள. இலையத் திருப்பிப் பாரு.

பேரையூர் கரிசல்: பாத்துட்டேன் மாமா. ஓரம் மஞ்சளோ செவப்போ இல்ல, பூச்சியும் இல்ல. பழைய இலை நல்லாத்தான் இருக்கு.

திருமங்கலம் தோட்டம்: அளவு சரிதான் தம்பி. 4.5 சதம்னா மில்லிக்கு 45 மில்லிகிராம். பருத்திக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது 40 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம். பத்து லிட்டருக்கு 400 வேணும், அது கிட்டத்தட்ட 9 மில்லி. கடைக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்கார். டேங்க் யாரோடது?

பேரையூர் கரிசல்: பக்கத்துப் புஞ்சைக்காரரோடது. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சதுதான். அலசிட்டேன்னார்.

திருமங்கலம் தோட்டம்: 2,4-டி-ங்குற களைக்கொல்லியா இருக்கும், கேட்டுப் பாருங்க. என்.ஏ.ஏ., 2,4-டி ரெண்டுமே ஆக்ஸின் வகை, அதாவது செடியோட வளர்ச்சி ஹார்மோன் மாதிரி வேலை செய்யுறது. சப்பைக் காம்புல ஆக்ஸின் குறைஞ்சா உதிர வைக்கிற எத்திலீன் வாயு கை ஓங்கி, அந்த மூட்டு விட்டுரும், சப்பை விழுந்துரும். அதைத் தடுக்கத்தான் என்.ஏ.ஏ. அடிக்கிறோம். அதுக்காக எல்லாச் சப்பையும் நிக்காது, நல்ல பருத்தியிலயே பாதிக்கு மேல தானா உதிரும்.

2,4-டி வேற கதை. செடி அதைச் சீக்கிரம் சிதைக்க முடியாது, வளர்ச்சி தாறுமாறாப் போகும். மக்காச்சோளம் தாங்கிக்கும். பருத்தி அதுக்கு ரொம்பப் பயந்த பயிர். டேங்கோட ரப்பர் குழாய்ல ஒட்டிக்கிட்டிருந்த மிச்சமே போதும். நீங்க சொல்ற விரல் இலை அதோட கையெழுத்து.

பேரையூர் கரிசல்: கேட்டேண்ணே, அதேதான். மாத்து மருந்து இருக்கா?

திருமங்கலம் தோட்டம்: கிடையாது. ஜிப்ரலிக் அது இதுன்னு எவன் வித்தாலும் வாங்காதீங்க. இன்னொரு வளர்ச்சி ஊக்கியை ஏத்தினா செடி இன்னும் குழம்பும். செடியை வாட விடாம தண்ணி பாய்ச்சுங்க. அழிக்க வேணாம். நுனி கருகலைன்னா ரெண்டு மூணு வாரத்துல அடுத்து வர்ற இலை அகலமா விரியும். அப்படி விரிஞ்சா வெள்ளாமை பிந்தும், ஆனா தப்பிச்சிரும்.

உசிலை மாமா: டேங்க்கை என்ன செய்ய? என்கிட்டயும் ஒண்ணுதான் இருக்கு.

திருமங்கலம் தோட்டம்: சலவை சோடா கரைச்சு நிரப்பி, குழாய் வழியாவும் கொஞ்சம் விட்டு, ராத்திரி ஊற வைங்க மாமா. காலையில நாசிலைக் கழட்டி, மூணு தரம் நல்ல தண்ணியில அலசுங்க. அந்தத் தண்ணியை வாய்க்கால்ல ஊத்திறாதீங்க. இருந்தாலும் நான் களைக்குத் தனி டேங்க்தான் வச்சிருக்கேன், சிவப்புப் பெயிண்ட் அடிச்சு.